காகிதப்பூத் தொட்டிகளுக்கு சில்வர் தயோசல்பேட்: மூன்று வருடம் அடித்துப் பார்த்ததில்

மதுரை அழகர்கோவில் ரோட்டில் சின்ன நர்சரி வைத்திருக்கிறேன். முகூர்த்த நாட்களில் மண்டபங்களுக்குத் தொட்டிகளை வாடகைக்கும் விடுவேன். அதில் பாதி காகிதப்பூ. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு 30 தொட்டி அனுப்பினேன். அதே டெம்போவில் யானைக்கல்லில் வாங்கிய வாழைப்பழத் தார்களையும் ஏற்றி, தார்ப்பாயை இறுக்கிக் கட்டி, ராத்திரி முழுக்க அப்படியே நிறுத்திவிட்டார்கள். விடிந்ததும் டிரைவர் தம்பி போன் போட்டான். "அக்கா, கலர் பூராம் கொட்டிருச்சுக்கா. குச்சிதான் நிக்குது." பெண்ணைப் பெற்றவர் முகத்தில் முழிக்க முடியாமல் நான் நின்றது இன்னும் மறக்கவில்லை.

தண்ணீர் பற்றவில்லை என்றுதான் நினைத்தேன். கெமிஸ்ட்ரி படிக்கும் அண்ணன் மகள் கேட்டாள், "அத்தை, பழத்தாரும் செடியும் ஒண்ணாவா போச்சு?" பழுக்கிற வாழை எத்திலீன் வாயுவை விடும். மண்டிகளில் காயைப் பழுக்க வைக்க 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) வரை அனுமதி இருப்பது இந்த வாயுவுக்குத்தான். காகிதப்பூ உதிர அவ்வளவு தேவையே இல்லை, ஒன்றிரண்டு பிபிஎம் போதும். காம்பு சேரும் இடத்தில் இருக்கும் செல் அடுக்கை அது தளர்த்திவிடும். வண்டிப் புகையிலும் எத்திலீன் உண்டு. இருட்டும் புழுக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதைத் தடுக்கத்தான் வெள்ளி. தண்ணீரில் கரைந்த வெள்ளி (அயனி) செடிக்குள் போனால் எத்திலீனை உணர்கிற இடம் மரத்துப்போகும். 0.34 கிராம் சில்வர் நைட்ரேட்டை 20 மில்லி தண்ணீரிலும், சுமார் 2 கிராம் ஹைப்போவை (பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் இருந்த அதே உப்பு) 80 மில்லியிலும் கரைத்தோம். ஹைப்போவைக் கலக்கிக்கொண்டே சில்வரை அதில் மெதுவாக ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. இதுதான் சில்வர் தயோசல்பேட். இந்தக் கரைசலில் 25 மில்லியை ஒரு லிட்டரில் கலந்து, செடி வெளியே போவதற்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் அடிப்பேன். முதல் தடவை எங்கள் போர் தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டைப் போட்டதும் பால் திரிந்த மாதிரி வெளுத்துவிட்டது. தண்ணீரில் இருந்த உப்பு வெள்ளியைப் பிடித்துக்கொண்டது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி.

காகிதப்பூவில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. அடிக்காத தொட்டி ஏசி ஹாலில் நாலைந்து நாளில் கொட்ட ஆரம்பிக்கும். அடித்தது இரண்டு வாரம் தாங்கியது. மினி ரோஜாவிலும் மொட்டு உதிர்வது நன்றாகவே குறைந்தது. செம்பருத்தியில் மொட்டு நின்றது, ஆனால் விரிந்த பூ மறுநாள் சுருங்கத்தான் செய்தது. அதைவிட, தலைக்கு எண்ணெய் காய்ச்ச அந்தப் பூவைப் பறிப்பார்கள் என்பதால் செம்பருத்திக்கு அடிப்பதை நிறுத்திவிட்டேன். சாமந்திக்கு அடித்தது வீண் செலவு. அந்தப் பூ எத்திலீனைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

அளவைக் கூட்டினால் இன்னும் நிற்குமே என்று ஒருமுறை இரட்டிப்பாக அடித்து, ஆறு தொட்டி இலையில் கருப்புக் கருப்பாகத் தீய்ந்தது. கையில் பட்டாலும் கறை பல நாள் போகாது, கையுறை போடுங்கள். மிச்சக் கரைசலைச் சாக்கடையிலோ கண்மாயிலோ ஊற்றவே ஊற்றாதீர்கள்; மீன்களுக்கு வெள்ளி விஷம். வெளிநாடுகளில் பலர் எத்திலீனைத் தடுக்கிற அதே வேலையைச் செய்யும் 1-எம்சிபி வாயுவுக்கு மாறியதற்கு இதுவும் காரணம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிஸ்லர், பிளாங்கன்ஷிப் இருவரும் கண்டறிந்தது அது. 1996-ல் காப்புரிமை பெற்றார்கள். வெள்ளி இல்லாதது பெரிய நிம்மதி. ஆனால் காற்றுப் புகாத அறையில் மணிக்கணக்கில் வைக்க வேண்டும். அதற்கப்புறம் வரும் புது மொட்டுக்குக் காவலும் கிடையாது. நாலு பக்கமும் நிழல்வலை கட்டிய என் கொட்டகைக்கு ஒத்துவராது.

இப்போது வெளியூருக்கோ ஏசி ஹாலுக்கோ போகிற காகிதப்பூவுக்கும் மினி ரோஜாவுக்கும் மட்டும்தான் அடிக்கிறேன். உள்ளூர் ஆர்டருக்குப் பழத்தார் தனி வண்டி, தார்ப்பாயில் காற்றுப் போக இடைவெளி. மருந்தே இல்லாமல் போன தொட்டிகளில் பெரும்பாலானவை கலரோடுதான் திரும்பி வருகின்றன.