சோதனையா, கேட் பூட்டா, பந்தியா? தொற்றுக் காலத்தில் ஹாஸ்டலை மூடாமல் நடத்த எது உதவும்

கல்லூரியைத் திறக்க ஓர் அரசாணை போதும். திறந்ததை மூடாமல் நடத்துவதில்தான் பாடு. கொரோனா காலத்தில், தமிழ்நாட்டில் 2020 டிசம்பர் 7-ஆம் தேதி இறுதியாண்டு மாணவர்களை வரச் சொன்னார்கள், 2021 பிப்ரவரி 8-இல் மற்றவர்களை. மார்ச் முடிவதற்குள் எல்லாரும் மறுபடி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதன்பின் செப்டம்பர் 1-இல்தான் வாசல் திறந்தது. கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் துணை வார்டனாக இருந்ததால் இந்தத் திறப்பு, மூடல் இரண்டுக்கும் போட்ட கமிட்டியில் நானும் உட்கார்ந்திருந்தேன். அங்கே மேசைக்கு வந்தவை மூன்று யோசனைகள்: எல்லாருக்கும் வாராவாரம் சோதனை, கேட்டைப் பூட்டி யாரையும் வெளியே விடாமல் வைப்பது, ஹாஸ்டலைச் சிறு சிறு பந்திகளாகப் பிரித்து ஒரு பந்தி இன்னொன்றோடு கலக்காமல் பார்த்துக்கொள்வது. நாங்கள் எடுத்தது மூன்றாவதை. நான் பேசப்போவதும் அந்தப் பக்கம் நின்றுதான்.

முகக்கவசம், சானிடைசர், வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி ஆகியவற்றை விட்டுவிடுகிறேன். முதல் இரண்டும் எந்த வழியை எடுத்தாலும் வேண்டும். மூன்றாவது வாசலில் நிற்பவருக்கு ஒரு வேலை கொடுக்கும், அவ்வளவுதான். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்றைக் கொடுக்கக்கூடிய ஒரு நோயைக் காய்ச்சலை வைத்துப் பிடிக்க முடியாது.

மூன்றையும் ஒரே கேள்வியால் அளந்தேன். ஒருவருக்கு வந்துவிட்டால் எத்தனை பேரை அடைத்து வைக்க வேண்டியிருக்கும்? யாருக்குமே வராமல் காப்பது எங்கள் கையில் இல்லை. ஐந்நூறு பேர் வெவ்வேறு ஊரிலிருந்து பஸ்ஸும் ரயிலும் ஏறி வருகிறார்கள். யாராவது ஒருவர் கொண்டுவரத்தான் செய்வார். அந்த ஒருவரால் நாற்பது பேர் அறைக்குள் இருந்தால் கல்லூரி நடக்கும். நானூற்றெண்பது பேர் இருந்தால் அன்றே மூட வேண்டியதுதான்.

இதற்கு எங்கள் கண்முன் இருந்த பாடம் சென்னை ஐஐடி. 2020 டிசம்பரில் அந்த வளாகத்தில் இருந்தவர்கள் எண்ணூறுக்கும் குறைவான மாணவர்கள்தான். சில நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. ஓர் அறைக்கு ஒருவர் என்பது அப்போது அரசு வழிகாட்டுதலிலேயே இருந்த விதி. அறைகள் தனித்தனி, ஆனால் சாப்பிட எல்லாரும் வந்து சேர்ந்தது ஒரே மெஸ்ஸுக்கு. கடைசியில் துறைகளையும் ஆய்வகங்களையும் மூடி, மாணவர்களை அறைக்குள் இருக்கச் சொல்லி, சாப்பாட்டைப் பொட்டலமாகக் கதவுக்கே அனுப்பினார்கள்.

இனி யோசனைகளுக்கு வருவோம். சோதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பணமும் ஆய்வகமும் இருந்தால் அதுதான் முதல் வழி என்று இன்றும் சொல்வேன். அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகம் 2020 இலையுதிர் பருவத்தில் எச்சிலை வைத்துச் செய்யும் சோதனையைத் தானே உருவாக்கி, எல்லாரையும் வாரம் இருமுறை சோதித்தது. ஒரு நாளில் பத்தாயிரம் சோதனை தாண்டிய நாட்கள் உண்டு. அப்படியும் ஆகஸ்ட் கடைசியில் மாணவர்கள் விருந்து விருந்தாகச் சுற்றித் தொற்று எகிறியது. இரண்டு வாரம் கட்டுப்பாடு போட்டு மறுபடி இறக்கினார்கள். சோதனை இருந்ததால்தான் எங்கே எகிறுகிறது என்று சீக்கிரம் தெரிந்தது. அதே ஆகஸ்டில் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகம் எல்லாருக்கும் நுழைவுச் சோதனை வைக்காமல் 10-ஆம் தேதி வகுப்பைத் தொடங்கி, 17-ஆம் தேதியே இளநிலை வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றுவதாக அறிவித்தது.

எங்கள் கமிட்டியில் பலர் நம்பியது நுழைவுச் சோதனையை மட்டும். 'வரும்போது நெகட்டிவ் சர்டிபிகேட் கொண்டு வரட்டும், போதும்' என்பது அவர்கள் கட்சி. அதற்கு நான் எடுத்துக்காட்டியது அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகம். அவர்கள் மாணவர்கள் வருமுன்பே ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் பேரைச் சோதித்தார்கள், 33 பேருக்குத்தான் தொற்று இருந்தது. ஆகஸ்ட் 10 வகுப்பு தொடங்கியது. 18-ஆம் தேதி நேரடி வகுப்பை இரண்டு வாரத்துக்கு நிறுத்த நேர்ந்தது. சர்டிபிகேட் அது எடுத்த நாளைப் பற்றி மட்டுமே பேசும். ஊரிலிருந்து கிளம்பும் முன் எடுத்த சோதனை, வழியில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைப் பற்றி என்ன சொல்லும்?

அப்படியானால் வாராவாரம் எடுக்க வேண்டும். தமிழக அரசு 2021 மே மாதம் தனியார் ஆய்வகங்களின் ஆர்டி-பிசிஆர் கொரோனா சோதனைக் கட்டணத்தை 900 ரூபாயாக இறக்கியபிறகும், எங்கள் ஹாஸ்டலின் 480 பேருக்கு வாரத்துக்கு 4,32,000 ரூபாய். ஐந்து பேர் மாதிரியை ஒன்றாகக் கலந்து சோதிக்கலாம். தொற்று குறைவாக உள்ள இடங்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020 ஏப்ரலிலேயே அதற்கு வழி சொன்னது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம் அப்படித்தான் செய்தது. கணக்கு 86,400-க்கு இறங்கும். ஆனால் நாங்கள் கேட்டுப் பார்த்த ஆய்வகங்கள் கலந்து பார்க்க முன்வரவில்லை. முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பது வேறு. அந்த இரண்டு நாளும் அந்தப் பையன் மெஸ்ஸில் நம் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

கேட் பூட்டுவது நிர்வாகங்களுக்குப் பிடித்த வழி. செலவில்லை, பெற்றோருக்கும் நிம்மதியாகத் தெரியும். ஆனால் பூட்டு மாணவர்களுக்கு மட்டும்தானே? பால் வண்டி உள்ளே வருகிறது, துப்புரவு அம்மா டவுன் பஸ்ஸில் வருகிறார், செக்யூரிட்டி ஷிஃப்ட் மாறுகிறார், நானே தினமும் வீட்டுக்குப் போய் வருகிறேன். காம்பவுண்ட் சுவரின் எந்த இடத்தில் பரோட்டா பார்சல் ஏறி இறங்கும் என்பது தெரியாத வார்டன் இல்லை. இதெல்லாம் இல்லாமல் கெட்டியாகப் பூட்டினாலும், உள்ளே ஒருவருக்கு வந்த நாளில் மொத்த ஹாஸ்டலும் ஒரே கூட்டம். எத்தனை பேரை அடைப்பது என்ற கேள்விக்கு அங்கே ஒரே பதில்: எல்லாரையும். சீனப் பல்கலைக்கழகங்கள் பல 2022-இல் வளாகத்தை மூடியே நடத்தின. அந்த நவம்பர் கடைசியில் போராட்டம் வளாகங்களுக்குள்ளேயே வெடித்ததை எல்லாரும் பார்த்தோம். பெண்கள் ஹாஸ்டல்களில் கேட் பூட்டுக்குத் தொற்று ஒரு சாக்காகவும் ஆனது. ஆண்கள் பக்கம் தளர்த்திய பிறகும் அங்கே தளர்த்தாத கதைகள் நிறைய.

பந்தி முறைக்கு வருகிறேன். ஒரு மாடியின் ஒரு பக்கத்தில் இருக்கும் நாற்பது பேர் ஒரு பந்தி. ஒரே குளியலறை வரிசை, ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே சாப்பாட்டு நேரம். 480 பேருக்குப் பன்னிரண்டு பந்தி. எல்லாரையும் ஒரே ஹாலில் ஒவ்வொரு பந்தியாக உட்காரவைத்தால் காலைச் சாப்பாடு முடியவே மதியம் ஆகும். அதனால் சாப்பிடும் இடத்தை நான்காக்கினோம்: மெஸ் ஹால், தரைத்தளத் தாழ்வாரம், மைதானத்தில் பக்கம் மூடாத இரண்டு ஷாமியானா. நான்கு இடம், மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இருபத்தைந்து நிமிடம், நடுவில் பத்து நிமிடம் ஹாலின் கதவும் ஜன்னலும் விரியத் திறந்திருக்கும். ஏழு மணிக்குத் தொடங்கினால் எட்டே முக்காலுக்குள் முடிந்துவிடும்.

சொல்ல எளிது. நடத்தப் போனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது. மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது பத்து நிமிடம். தட்டோடு வரிசையில் நிற்பது சில நாள் அதைவிட அதிகம், அதுவும் பேசிக்கொண்டே. மெஸ் மேற்பார்வையாளர் முதல் கூட்டத்திலேயே சொன்னார்: "பொங்கல், இட்லி அன்னிக்குப் பிரச்சினை இல்லைங்க சார். தோசை போடற அன்னிக்கு லைன் நகராதுங்க." கல்லில் ஒவ்வொன்றாக வார்த்து எடுப்பது எதுவானாலும் கூட்டம் நிற்கும். தோசை, சப்பாத்தி, ஆம்லெட் மூன்றும் அப்படித்தான். "அப்ப மெனுவுல இருந்து எடுத்துறலாமாண்ணே?" என்றேன். "தோசையை எடுத்தா பசங்க என்னை எடுத்துருவாங்க சார்" என்றார். கடைசியில் தோசைக்குப் பதில் ஊத்தப்பமும் இல்லை, ஒன்றுமில்லை; இட்லி, பொங்கல், கிச்சடி, இடியாப்பம் என்று மொத்தமாகச் சமைத்து எடுப்பதாக மெனுவை மாற்றினோம். வாரம் ஒரு தோசை மட்டும் மிஞ்சியது, அதுவும் சமையற்கட்டிலேயே அடுக்கி எடுத்து வந்து.

அதோடு வரிசையையே ஒழித்தோம். கல்யாணப் பந்திபோல உட்கார்ந்த இடத்தில் பரிமாறுவது. எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து உட்காருவதால் எதிரெதிர் முகம் இல்லை. பரிமாறுபவர் முகக்கவசத்தால் வாயை மூடியிருப்பார். கை கழுவும் இடத்தில்தான் கடைசிவரை நெரிசல் போகவில்லை. ஷாமியானா ஓரத்தில் டிரம்மில் குழாய் வைத்துப் பார்த்தோம், பாதிதான் பலன்.

பந்தியின் உண்மையான ஓட்டை மாணவர்களிடம் இல்லை, மெஸ் ஊழியர்களிடம் இருந்தது. பன்னிரண்டு பந்தியையும் ஒரே ஆள் பரிமாறினால் நாம் பிரித்ததையெல்லாம் அவர் ஒட்டவைத்துவிடுவார். எங்களிடம் இருபத்துநான்கு பேர். பாதிப்பேர் சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரே அறையில் படுப்பவர்கள். மாணவனுக்குத் தனி அறை தேடிய கமிட்டியில் யாருக்கும் அந்த அறை நினைவுக்கு வரவில்லை, மேற்பார்வையாளர் சொல்லும்வரை. பரிமாறுபவர்களை நான்கு இடத்துக்கும் நிரந்தரமாகப் பிரித்தோம், படுக்கவும் பிரித்தோம். ஐஐடியில் தொற்று வந்தவர்கள் கணக்கிலும் மெஸ் ஊழியர்கள் இருந்தார்கள் என்பதை நினைத்து, சோதனைப் பணத்தை அங்கே கொட்டினோம். இருபத்துநான்கு பேருக்கு வாரம் 21,600 ரூபாய். எல்லாருக்கும் ஆகும் செலவில் இருபதில் ஒரு பங்கு. சோதனையா பந்தியா என்று கேட்டால் பந்தி என்கிறேன். ஆனால் பந்தி நிற்பதே இந்தச் சிறு சோதனை தாங்குவதால்தான்.

ஒரு பையனுக்குத் தொற்று என்றால் அவனை விருந்தினர் விடுதிக்கு மாற்றி, அவன் பந்தியை மட்டும் அறைக்கு அனுப்பி, அவர்களைச் சோதித்தோம். மற்ற பதினொரு பந்தியும் வகுப்புக்குப் போயின. வீட்டுக்கு யாரையும் அனுப்பவில்லை. தொற்று வந்த மாணவர்களை ஊருக்கு அனுப்புவதுதான் ஆகக் கெடுதல் என்று அமெரிக்காவில் தொற்றுநோய் நிபுணர் ஆண்டனி ஃபௌச்சி 2020 செப்டம்பரிலேயே எச்சரித்திருந்தார். நம் ஊரில் அதன் பொருள் பஸ், பிறகு தாத்தா பாட்டி இருக்கும் வீடு. நான் எதிர்பாராத ஒரு பலனும் இருந்தது. காய்ச்சலை மறைப்பது குறைந்தது. ஒருவன் சொன்னால் ஹாஸ்டலே மூடும் என்றால் யார் வாயைத் திறப்பான்? தன் பக்கத்து நாற்பது பேருக்கு மட்டும் சில நாள் அறைவாசம் என்றால், திட்டு வாங்கினாலும் சொல்லிவிடுகிறார்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோய்க்கிருமி காற்றில் நின்று பரவுவதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாக எழுதியது 2021 ஏப்ரல் இறுதியில்தான். அதுவரை நாங்களும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். மின்விசிறி இருக்கும் காற்றையே சுற்றிவிடும், வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. விடும் மூச்சு வெளியேறாமல் அறையில் தங்குகிறதா என்று பார்க்க, கரியமில வாயு அளக்கும் சின்னக் கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கி வைத்தோம். வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் நிற்பது, ஏசி கம்ப்யூட்டர் லேபில் ஒரு வகுப்பு முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிப் போகும். ஷாமியானாவுக்கு அந்தக் கவலை இல்லை. மழைதான் கவலை. வடகிழக்குப் பருவமழை பிடித்த நாட்களில் இரண்டு ஷாமியானாவும் வீண். டிபன் கேரியரில் சாப்பாட்டை மாடிக்கே ஏற்றினோம். பரிமாறுபவர்கள் முனகியதில் நியாயம் இருந்தது.

இந்த முறை முழு அளவில் ஓடியது 2021 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. அப்போது மாணவர்களில் பெரும்பாலோர் ஒரு தவணையாவது தடுப்பூசி போட்டவர்கள். நல்ல பெயரில் எவ்வளவு பந்திக்கு, எவ்வளவு ஊசிக்கு என்று என்னால் பிரிக்க முடியாது. டெல்டா அலையின் உச்சத்தில் கல்லூரியே இல்லை. ஒமைக்ரான் வந்த ஜனவரியில் நேரடி வகுப்பு நின்று, பிப்ரவரி 1-இல்தான் மறுபடி திறந்தது. ஆக, கடும் அலையில் இது சோதிக்கப்படவில்லை. அந்த அளவுக்கு வேகமாகப் பரவும் ஒன்றின் முன் நாற்பது பேர் பந்தியே பெரிதாக இருக்கலாம், இருபதாகக் குறைக்க வேண்டியிருக்கலாம். பல ஆயிரம் பேர் தங்கும் வளாகத்துக்கோ, சொந்த ஆய்வகம் உள்ள மருத்துவக் கல்லூரிக்கோ நான் பந்தியைத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். ஆய்வகம் கைவசம் இருந்தால் சோதனைப் பக்கம் போவதுதான் சரி.

வீட்டிலிருந்து வந்து போகும் மாணவர்கள் மட்டும் உள்ள கல்லூரிக்கு மெஸ் இல்லை. அங்கே மெஸ்ஸின் இடத்தில் இருப்பது கல்லூரி பஸ். ஒரு ரூட்டில் வருபவர்களையே ஒரு பிரிவாக வகுப்பில் உட்காரவைத்தால் அதே கணக்கு வேலை செய்யும் என்று நினைக்கிறேன். எங்கள் பஸ்களில் ஜன்னலைத் திறந்துவைத்ததும் சீட்டை நிரந்தரமாக்கியதும் தவிர வேறெதுவும் செய்யவில்லை. ரூட்டும் பிரிவும் ஒத்துப்போகும்படி டைம்டேபிள் போட ஒரு துறைத்தலைவராவது சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம்.