ஈட்டிக் கழுத்தும் எண்ணெய்ப் பிசுக்கும்: வீட்டில் செய்த கிட்டாரோடு நாலரை வருடம்

கோயம்புத்தூரில் இருக்கும் பள்ளித் தோழன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். அவனுடைய தாத்தா காலத்துக் கட்டில். ஈட்டி மரம், நாலு காலிலும் கடைசல் வேலை, இத்தனை வருடம் ஆகியும் சட்டத்தில் ஒரு நூல் வளைவு இல்லை. படத்துக்குக் கீழே ஒரே வரி: "டேய், உன்னோடது மாதிரி இதுல ஒரு கிட்டார் போட்டுடலாமா?"

ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியா இது? என் கிட்டாருக்குக் கம்பி ஏற்றி நாலரை வருடம் ஆகிறது. அதில் வாசித்த நேரம் அதிகமா, உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்த நேரம் அதிகமா என்று கேட்டால் எனக்கே சந்தேகம்.

அளவுகளில் புதிதாக ஒன்றும் இல்லை. ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரின் வடிவம், 648 மில்லிமீட்டர் கம்பி நீளம், 22 மெட்டு (ஃப்ரெட்), கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் சிங்கிள் காயில் பிக்கப் இரண்டு. 2020 ஊரடங்கில் ஆரம்பித்து 2021 ஜனவரியில் முடித்தேன். ட்யூனர், பிரிட்ஜ், ட்ரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் இரும்புக் கம்பி), பிக்கப் எல்லாம் வாங்கியவை. மரவேலை மட்டும் முழுக்க என்னுடையது. நான் இருப்பது தஞ்சாவூர். வீணை செய்யும் பட்டறை ஒன்றில், குடம் குடைய உதவாது என்று ஒதுக்கிய பலாத் துண்டை ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கினேன். அதுதான் உடல். கழுத்தும் விரல்பலகையும் எங்கள் வீட்டில் உடைந்து பரணில் கிடந்த கட்டிலின் நீளச் சட்டம். அதுவும் ஈட்டிதான்.

ஈட்டியில் கழுத்து என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்று மறைக்கப் போவதில்லை. 1968இல் ஃபெண்டர் கம்பெனி பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்காக ரோஸ்வுட்டில், அதாவது ஈட்டி வகை மரத்தில், ஒரு டெலிகாஸ்டர் செய்து கொடுத்தது. 1969 ஜனவரி 30 அன்று லண்டன் மொட்டைமாடியில் பீட்டில்ஸ் வாசித்தபோது அவர் கையில் இருந்தது அதுதான். நம் வீட்டுப் பரணிலேயே அந்த ஜாதி மரம் கிடக்கும்போது சும்மா இருக்க முடியுமா?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோகும். சத்தம் அருமை. கம்பியைத் தட்டினால் மணி மாதிரி நிற்கிறது. கழுத்து அசைவதே இல்லை. தஞ்சாவூர் சித்திரை வெயிலையும் கார்த்திகை ஈரத்தையும் நாலு சுற்று பார்த்தும் ட்ரஸ் ராடை ஒரே ஒரு தடவைதான், அதுவும் கால் திருகு திருப்பினேன். பலா உடலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அறுக்கும்போது மஞ்சளாக இருந்த மரம் இப்போது தேன் நிறத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. போன மாதம் உடலைக் கீறலிலிருந்து காக்கும் தகடான பிக்கார்டைக் கழற்றினால், அடியில் வெளிச்சம் படாத இடம் மட்டும் அதே பழைய மஞ்சளில், பிக்கார்டின் அச்சு மாதிரியே இருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எடை நாலே கால் கிலோ. கையை எடுத்தால் தலை தரையைப் பார்க்கும். சரி, அதெல்லாம் பழகிவிட்டது.

இப்போது கழுத்தின் பின்பக்கத்துக்கு வருகிறேன்.

மரம் இழைத்து முடித்ததும் பெயின்ட் கடையில் ஒரு லிட்டர் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) வாங்கினேன். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் கழுத்துக்கு எண்ணெய்தான் பூசுகிறார்கள், கை வழுக்கிக்கொண்டு போகும் என்கிறார்கள். ஆறு கை பூசினேன். ஆசை. ஒரு வாரம் கழித்துத் தொட்டால் பிசுபிசு. ஒரு மாதம் கழித்தும் பிசுபிசு. "பொறு, காயும்" என்றார்கள். மூன்று மாதம் பொறுத்தேன். அதற்குள் அந்தக் கழுத்தில் தலைமுடி, பஞ்சு, ஒரு கொசு எல்லாம் குடியேறிவிட்டன. முதல் மெட்டிலிருந்து ஏழாவதுக்குக் கையை நகர்த்தினால் கட்டைவிரல் பின்னாலேயே நின்றுவிடும். ஈ ஒட்டிக்கொள்ளும் பழைய ஃப்ளை பேப்பரைப் பிடித்துக்கொண்டு வாசிப்பது போல் இருக்கும்.

டர்பன்டைன் போட்டுத் துடைத்தேன், தேய்த்தேன், இந்தத் தடவை மெல்லிசாக ஒரே ஒரு கை. திரும்பவும் அதே கதை. அந்தத் தடவை இன்னொன்றும் நடந்தது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் ஒரு கருகல் வாடை. துணியைத் தொட்டால் கை சுடுகிறது. இந்த எண்ணெய் காயும்போது சூடு வரும். சுருட்டி வைத்தால் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். துணியை விரித்துக் கொடியில் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். கிட்டார் செய்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

அடுத்து ஃபர்னிச்சர் பாலிஷ் போடுகிற ஒருவரிடம் கொடுத்து மேலே பியூ (பாலியூரிதேன் வார்னிஷ்) அடிக்கச் சொன்னேன். இரண்டு வாரம் கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் கண்ணாடித் தாள் மாதிரியே உரிந்தும் வந்தது. அவரிடம் போய்க் கத்தினேன். அடியில் எண்ணெய் இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவர் மேல் தப்பில்லை.

விஷயத்தை ஒரே பார்வையில் சொன்னவர் எங்கள் தெருவுக்கு ஜன்னல் வேலைக்கு வந்த ஒரு வயதான தச்சர். கழுத்தை வாங்கி மோந்து பார்த்தார். "தம்பி, இது எண்ணெய் குடிக்கிற மரம் இல்ல. உள்ளயே எண்ணெய் வச்சிருக்கிற மரம்" என்றார். பிறகு படித்துப் பார்த்தேன், அவர் சொன்னதுதான். லின்சீட் எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்து, தானே இறுகிப் படலமாகிறது. ஈட்டி வகை மரங்களின் சாற்றில் இருக்கும் சில பொருட்கள் அந்த இறுகலைத் தடுத்துவிடுகின்றன. மேப்பிள் என்ற வெளிநாட்டு மரக் கழுத்தில் இரண்டு நாளில் காய்கிற எண்ணெய் இதில் இரண்டு மாதமானாலும் காயாது. நான் பார்த்த வீடியோக்கள் எல்லாமே மேப்பிள் கழுத்து. அதைக்கூடக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

அவர் சொன்ன வைத்தியம் பிரெஞ்சு பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுத் துணியால் தேய்ப்பது. அது காய்வதற்கு ஸ்பிரிட் ஆவியானால் போதும், மரத்துச் சாறு தடுக்க முடியாது. 2022 பிப்ரவரியில் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மூன்று கை போட்டேன். கால் மணி நேரத்தில் காய்ந்தது. அன்றைக்கு ராத்திரி ஒரு மணி வரை வாசித்தேன்.

அடுத்த மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் வாசிக்கப் போனேன். மண்டப வாசலில் எல்லார் கையிலும் சானிடைசர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரக் கையோடு மேடையேறிக் கிட்டாரை எடுத்தேன். சானிடைசர் என்பது ஸ்பிரிட்தானே? அரக்கு கரைந்து, மூன்றாவது மெட்டுக்குப் பின்னால் என் பெருவிரல் ரேகை அச்சடித்த மாதிரி பதிந்துவிட்டது. ஆதார் எடுத்தவர்கூட அவ்வளவு தெளிவாக எடுக்கவில்லை.

அது போதாதென்று, ஒவ்வொரு கத்திரி வெயிலிலும் உள்ளங்கை வேர்வைக்கு அரக்கு இளகிக் கொஞ்சம் ஒட்டும். பழைய பிசுக்கோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லைதான். ஆனால் ஒரு வருடம் ஒரு பிசுக்கோடு மல்லுக்கட்டியவனுக்கு லேசாக ஒட்டினாலும் முழு எரிச்சலும் திரும்பி வரும்.

போன மாதம் மூன்றாவது மெட்டின் ஓரம் கிளம்பிவிட்டது. வீணையில் மெட்டுகள் மெழுகில் உட்கார்ந்திருக்கும், தளர்ந்தால் மெழுகை இளக்கித் திருப்பி வைத்துவிடலாம். இதில் அந்த வசதி இல்லை. கம்பியெல்லாம் கழற்றி, கழுத்தைத் தனியாக எடுத்து, காடியில் ஒரு துளி சூப்பர் க்ளூ விட்டு மெட்டைத் தட்டி இறக்கினேன். பத்து நிமிட வேலை. கழுத்து கையில் தனியாக இருந்தது, வெயில் வேறு. என்ன தோன்றியதோ, கண்ணாடிச் சில்லை எடுத்து அரக்கு முழுவதையும் சுரண்டித் தள்ளினேன். பிறகு 400, 800, 1500 என்று உப்புத்தாள். கடைசியில் உலர்ந்த துணியால் ஒரு தேய்ப்பு. மேலே எதையும் பூசவில்லை.

ஒட்டவில்லை. வேர்த்தாலும் ஒட்டவில்லை. மரமே மெழுகு போட்ட மாதிரி மின்னுகிறது. அடர்த்தியான, தனக்குள்ளேயே எண்ணெய் வைத்திருக்கிற மரம். அதன் மேல் எதுவுமே தேவைப்படவில்லை. முதல் நாளே இப்படி விட்டிருந்தால் முடிந்திருக்கும். நாலரை வருடம், ஒரு லிட்டர் எண்ணெய், பியூக்குக் கொடுத்த எழுநூறு ரூபாய், ஒரு பாவப்பட்ட மனிதரிடம் கத்தியது எல்லாமே வெட்டி. இந்த வருட ஐப்பசி மழையில் வெறும் மரம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். அந்தப் பெருவிரல் ரேகையும் சுரண்டலில் போய்விட்டது, அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

சத்தம் அருமை, கழுத்து இரும்பு, பார்க்க அழகு என்றெல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். எல்லாம் உண்மை. இருந்தாலும் நண்பனுக்கு என் பதில்: வேண்டாம்டா. கடையில் ஒரு நல்ல கிட்டார் வாங்கு, கட்டிலில் உட்கார்ந்து வாசி. தாத்தா கட்டிலை அறுத்துவிட்டு அப்பா முகத்தில் எப்படி முழிப்பாய்?

கேட்க மாட்டாய் என்று தெரியும். அப்படியானால் காலில் கை வைக்காதே, கடைசல் மரத்தில் நேரான துண்டு தேறாது. நீளச் சட்டத்தை எடு. ஆணி அடித்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு ரம்பம் வை. எண்ணெய் வாங்காதே. என்னிடமே முக்கால் டின் மிச்சம் இருக்கிறது, வாசல் கதவுக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன்.