போதிக்காமல் ஒப்படைப்பது: குவேக்கர் பெற்றோர்முன் உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

குவேக்கர்கள் என்று பரவலாக அறியப்படும் நண்பர்களின் சமயச் சங்கத்தாரில், போதகரின்றி மௌனமாக அமர்ந்து வழிபடும் மரபைப் பின்பற்றும் குடும்பங்களுக்குப் பிள்ளை வளர்ப்பில் ஏனைய கிறிஸ்தவப் பிரிவினருக்கு அவ்வளவாக இல்லாத சங்கடம் ஒன்று உண்டு. மனப்பாடம் செய்விக்க அவர்களிடம் விசுவாசப் பிரமாணம் கிடையாது. ஞானஸ்நானம் கிடையாது, திடப்படுத்தலைப் போல, இன்ன வயதுக்குள் இன்னதைக் கற்றிருக்க வேண்டும் என்று கெடு வைக்கும் சடங்கும் கிடையாது. பெற்றோர் உறுப்பினராக இருப்பதாலேயே பிள்ளையும் உறுப்பினராகிவிடும் பிறப்புரிமை முறையைக்கூடப் பிரிட்டனில் 1959 இல் கைவிட்டுவிட்டார்கள். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறைவனின் ஒளி உண்டு என்பது அவர்களுடைய அடிப்படை நம்பிக்கையாதலால், பிள்ளைக்குள் ஏற்கெனவே இருப்பதை வெளியிலிருந்து எப்படிப் புகட்டுவது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

இந்தச் சங்கடத்துக்குத் துணையாக அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இன்று கிடைப்பவை கதை முறை, செயல்பாட்டுத் தாள்கள், நூல்கள், பள்ளிகள், கோடை முகாம்கள், பெற்றோர் குழுக்கள் எனப் பலவாகும். உலகக் குவேக்கர்களில் மிகப் பெரும் பங்கினர் கென்யாவில் வாழ்கிறார்கள். அங்கே போதகரும் பாடலும் வேத பாடமும் கொண்ட வழிபாடே வழக்கம் என்பதால், ஞாயிறு பள்ளிப் பாடநூல்களே அவர்களுக்குப் பெரும்பாலும் போதுமானவை. இங்கே ஒப்பிடப்படுபவை மௌனக் கூட்டங்களை (குவேக்கர்களின் உள்ளூர்ச் சபைக்குக் கூட்டம் என்று பெயர்) சேர்ந்த குடும்பங்களுக்கு உரியவை. ஒவ்வொன்றையும் இரண்டு அளவுகோல்களால் பார்க்கிறேன். மௌனத்தை அது சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்றாக நடத்துகிறதா, விரும்பத்தக்க ஒன்றாக நடத்துகிறதா என்பது முதலாவது. நான்கு வயது, எட்டு வயது, பதினொரு வயது என மூன்றே பிள்ளைகள் வரும் சிறிய கூட்டத்துக்கு அது ஒத்துவருமா என்பது இரண்டாவது. ஏனெனில் பெரும்பாலான கூட்டங்கள் அத்தகையவையே.

பொதுவான வழக்கம் இதுதான்: ஏறத்தாழ ஒரு மணி நேர வழிபாட்டில் பிள்ளைகள் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களோ கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடங்களோ பெரியவர்களோடு அமர்ந்திருப்பார்கள், மற்ற நேரத்தில் தனி அறையில் அவர்களுக்கான வகுப்பு நடக்கும். அமெரிக்காவில் அதற்கு முதல்நாள் பள்ளி என்று பெயர். கிழமைகளின் ஆங்கிலப் பெயர்கள் பழைய தெய்வங்களைக் குறிப்பதால் பழங்காலக் குவேக்கர்கள் அவற்றைத் தவிர்த்து முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணிச் சொன்னார்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று கோள்களின் பெயரால் கிழமைகளை அழைக்கும் நம்மிடமும் அவர்கள் இதே ஆட்சேபத்தை எழுப்பியிருப்பார்கள்.

அந்தத் தனி அறையில் என்ன நடக்கிறது என்பதில்தான் கதை முறைக்கும் செயல்பாட்டுத் தாளுக்கும் இடையிலான போட்டி தொடங்குகிறது. கதை முறையின் வேர் ரோமில் இருக்கிறது. மொண்டெசோரி கல்வி முறையைத் தழுவி 1954 இல் அங்கே சோஃபியா கவல்லெட்டி தொடங்கிய சமயக் கல்வியிலிருந்து, ஜெரோம் பெர்ரிமன் என்ற அமெரிக்க எபிஸ்கோபல் குரு ‘காட்லி ப்ளே’ என்ற முறையை உருவாக்கினார். அதே வடிவில் குவேக்கர்களின் வரலாற்றையும் வழிபாட்டையும் சொல்லும் கதைகளைப் பிலடெல்பியா வட்டாரத்துக் குவேக்கர்கள் எழுதி, ‘ஃபெயித் அண்ட் ப்ளே’ என்ற பெயரில் 2008 இல் வெளியிட்டார்கள். சொல்பவர் தரையில் அமர்ந்து, விரிப்பின்மேல் சிறிய மர உருவங்களை ஒவ்வொன்றாக நகர்த்தியபடி கதை சொல்கிறார். அவருடைய கண்கள் பிள்ளைகளின் முகத்தை நாடாமல் உருவங்களின் மீதே இருக்கும்; ஆகவே பிள்ளைகளின் கண்களும் அங்கேயே செல்லும். கதை முடிந்ததும் விளக்கவுரை எதுவும் வராது. ‘இதில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எந்தப் பகுதியாக இருக்கும்? எதை எடுத்துவிட்டாலும் கதை குறைவுபடாமல் இருக்கும்? இந்தக் கதையில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?’ என்பது போன்ற கேள்விகள் மட்டும் எழுப்பப்படும். சரியான விடை என்று ஒன்று இல்லை. விடை சொல்லாமல் இருப்பதும் ஏற்கப்படும். பிறகு வண்ணமோ களிமண்ணோ எடுத்துக்கொண்டு அவரவர் விரும்பியதைச் செய்யலாம்.

இந்த முறையில் மௌனம் பாடத்துக்கு நடுவிலேயே இருக்கிறது. கதை சொல்பவர் உருவத்தை நகர்த்தும் கணங்களில் அறையே அமைதியாகிறது, கேள்விக்குப் பிறகும் அந்த அமைதி நீடிக்கிறது. பெரியவர்களின் வழிபாட்டு அறையில் நிகழ்வதன் சிறிய வடிவம் அது என்பதைப் பிள்ளைக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குறைகளும் இல்லாமல் இல்லை. கதைகளைச் சொல்பவர் முறையான பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மரப்பொருட்களை வாங்கவோ செய்துகொள்ளவோ வேண்டும். கதைப் பெட்டிகள் பிள்ளைகளின் கைக்கெட்டும் தட்டுகளில் நிரந்தரமாக இருப்பது நல்லது என்பதால், வாடகைக் கூடத்தில் கூடும் கூட்டத்தார் ஒவ்வொரு வாரமும் எல்லாவற்றையும் காரில் ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். பத்து வயதைத் தாண்டிய சிலருக்கு மர உருவங்கள் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றுவதும் உண்டு.

செயல்பாட்டுத் தாள்கள் இதற்கு நேர்மாறானவை. பிரிட்டன் ஆண்டுக் கூட்டம் (ஒரு வட்டாரத்துக் குவேக்கர் கூட்டங்களை இணைக்கும் அமைப்பே ஆண்டுக் கூட்டம்) ‘ஜர்னீஸ் இன் த ஸ்பிரிட்’ என்ற தலைப்பில் பல ஆண்டுகள் இலவசமாக வழங்கிய தாள்களைச் சிறந்த எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஒவ்வோர் இதழும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கூடி அமர்வது, ஒரு கதை அல்லது கேள்வியை ஆராய்வது, கைவேலை செய்வது, நிறைவில் சிந்திப்பது என்ற வரிசையில் செல்லும். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு, ‘நாளைக்கு நம் முறை’ என்று திடீரென நினைவுக்கு வந்த தந்தையோ தாயோ அரை மணி நேரத்தில் ஆயத்தமாகிவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே சிறிய கூட்டங்களில் கதை முறையை விட இத்தகைய தாள்கள் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கின்றன. வாராவாரம் இதை மட்டுமே நம்பியிருந்தால், குவேக்கர் வழிபாட்டுக்குச் செல்வது என்பதைக் கத்தரிக்கோலும் பசையுமாகவே பிள்ளை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

இவ்விரண்டுக்கும் அப்பால், அமெரிக்கப் பள்ளிகளிலும் முதல்நாள் பள்ளிகளிலும் எங்கும் பரவியிருப்பது ‘ஸ்பைசஸ்’ என்ற சூத்திரம். எளிமை, அமைதி, நேர்மை, சமூகம், சமத்துவம், பொறுப்புடன் பேணல் ஆகிய ஆறின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் மசாலாப் பொருட்களைக் குறிக்கும் சொல் வருகிறது. சுவரொட்டியில் எழுதவும் ஆறு வாரப் பாடமாகப் பிரிக்கவும் இதைவிட வசதியானது வேறில்லை. தொன்மையான கோட்பாடு போல இது சொல்லப்பட்டாலும், இப்படி வகைப்படுத்தும் பழக்கம் இருபதாம் நூற்றாண்டில் ஹோவர்ட் பிரிண்டன் என்ற அமெரிக்கக் குவேக்கர் எழுத்தாளரின் எழுத்துகளுக்குப் பின்னர் வேரூன்றியதே. என் முதன்மையான ஆட்சேபம் அதன் வயதைப் பற்றியதன்று. போருக்குப் போக மறுத்துச் சிறை சென்ற குவேக்கர், ‘அமைதி’ என்ற விழுமியத்தைப் பட்டியலில் கண்டு மறுக்கவில்லை. உள்ளிருந்து எழுந்த குரலுக்குக் கீழ்ப்படிந்தே மறுத்தார். பட்டியல் அந்த வரிசையைத் தலைகீழாக்கி, விளைவை முதலில் வைத்துவிடுகிறது. நல்ல விழுமியங்களை எந்தப் பள்ளியும் கற்பிக்கலாம். அவை எங்கிருந்து பிறக்கின்றன என்பதைச் சொல்லவே குவேக்கர் வகுப்பு தேவைப்படுகிறது. கதை முறையோடு வைத்துப் பார்க்கும்போது, இந்தச் சூத்திரத்தை வெளியாருக்கு அறிமுகம் செய்யும் அட்டையாக மட்டும் வைத்துக்கொள்வேன்.

வீட்டு வாசிப்புக்குக் கிடைக்கும் நூல்களில், பிரிண்டன் டர்க்கிள் எழுதி வரைந்த ஒபதியா படக்கதைகள் அமெரிக்காவில் நன்கு அறியப்பட்டவை. 1969 இல் வந்த ‘தை ஃப்ரெண்ட், ஒபதியா’ அடுத்த ஆண்டில், அமெரிக்கப் படக்கதை நூல்களுக்கான கால்டெகாட் சிறப்பு விருதும் பெற்றது. நான்டக்கெட் தீவில் பழைய உடையும் பழைய பேச்சுமாக வாழும் அந்தச் சிறுவன் ஐந்து வயதுக்காரரைக் கவர்ந்துவிடுவான். அதுவே அதன் குறையுமாகும்: குவேக்கர் என்றால் தொப்பி அணிந்த பழங்கால மனிதர் என்ற எண்ணம், ஜீன்ஸ் அணிந்து கூட்டத்துக்குச் செல்லும் குவேக்கர் பிள்ளைக்கே பதிந்துவிடுகிறது. எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ‘லைட்டிங் கேண்டில்ஸ் இன் த டார்க்’ போன்ற துணிவுக் கதைத் தொகுப்புகளில் வேறொரு சிக்கல் இருக்கிறது. தப்பியோடிய அடிமைகளுக்கு அடைக்கலம் தந்த குவேக்கர்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாசிக்கலாம். குவேக்கர்களே அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதையும் பிள்ளை யாரிடமாவது கேட்டறிய வேண்டுமே. பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் 1688 இல் அடிமை முறைக்கு எதிராக எழுதப்பட்ட மனுவுக்கும், அடிமைகளை வைத்திருக்கும் உறுப்பினர்களைப் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் 1776 இல் விலக்கத் துணிந்ததற்கும் இடையே எண்பத்தெட்டு ஆண்டுகள் ஓடின. இடையில், அடிமை முறைக்கு எதிராக ஓயாமல் குரல் எழுப்பிய பெஞ்சமின் லேயை 1738 இல் அவருடைய சொந்தக் கூட்டத்தாரே தள்ளிவைத்தார்கள். இந்த எண்பத்தெட்டு ஆண்டுகளைச் சொல்லித்தரும் பெற்றோரின் பிள்ளை, பதினைந்து வயதில் தானாகவே அதைக் கண்டுபிடித்து ஏமாற்றமடைய நேராது.

பள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இங்கிலாந்தில் ஜான் ஃபாதர்கில்லின் முயற்சியால் 1779 இல் தொடங்கிய ஆக்வொர்த் பள்ளி, வசதியற்ற குவேக்கர் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகவே எழுந்தது. பென்சில்வேனியாவின் வெஸ்ட்டவுன் 1799 இலும், வாஷிங்டனின் சிட்வெல் ஃப்ரெண்ட்ஸ் 1883 இலும் தொடங்கின. இன்று சிட்வெல்லில் ஆண்டுக் கட்டணம் 50,000 டாலரைத் தாண்டுகிறது. பிரிட்டனில் 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின்மேல் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்துவிட்டது. உதவித்தொகைகள் உண்டு என்றாலும், இப்பள்ளிகளில் குவேக்கர் மாணவர்கள் சிறுபான்மையினரே. பள்ளி நேரத்தில் எல்லா மாணவர்களும் கூடி மௌனமாக அமரும் வழிபாடு மட்டும் வேறெங்கும் கிடைக்காதது. தன் வயதுடைய இருநூறு பேர் பேசாமல் அமர்ந்திருப்பதைக் கண்ட பிள்ளைக்கு மௌனம் முதியவர்களின் பழக்கமாகத் தோன்றாது. நல்ல கல்விக்காக அந்தச் செலவைச் செய்பவர்கள் செய்யட்டும். பிள்ளையைக் குவேக்கராக வளர்க்கும் பொறுப்பைப் பள்ளி ஏற்றுக்கொள்ளும் என்று நினைத்து மட்டும் செய்ய வேண்டாம்.

அந்தப் பணத்தில் மிகச் சிறிய பங்கைக் கோடை முகாமுக்குச் செலவிடுவது மேல் என்பது என் முடிவு. கென் வெப், சூசன் வெப் தம்பதியர் வெர்மான்ட் மலைப்பகுதியில் 1939 இல் தொடங்கிய ‘ஃபார்ம் அண்ட் வில்டர்னஸ்’ முகாமும், பால்டிமோர் ஆண்டுக் கூட்டம் நடத்தும் கட்டாக்டின், ஷைலோ, ஒப்பெக்கன் ஆகிய முகாம்களும் பல தலைமுறைகளைக் கண்டவை. பால்டிமோர் முகாம்கள் ஒன்பது முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்களுக்கானவை. அதாவது, மர உருவங்கள் அலுத்துப்போய், பெரியவர்களின் ஒரு மணி நேர மௌனம் இன்னும் பிடிபடாத, பெரும்பாலான கூட்டங்கள் பிள்ளைகளை இழக்கும் வயது. திரையும் கைபேசியும் இல்லை. பல நாள் மலைநடையும் துடுப்புப் படகுப் பயணமும் உண்டு. சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் பிள்ளைகளின் வேலை. நெருப்பைச் சுற்றி அமரும் மௌன வழிபாட்டில், பேசத் தோன்றும் பிள்ளை எழுந்து பேசுகிறது, மற்றவர்கள் கேட்கிறார்கள். எளிமையும் சமூகமும் அங்கே சுவரொட்டியில் இல்லை. நனைந்த கூடாரத்தில் இருக்கின்றன. தன் ஊர்க் கூட்டத்தில் தன் வயதுக்காரர் எவருமில்லாத பிள்ளைக்கு, தன்னைப் போன்றவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்று தெரிவதும் அங்கேதான். ஆனால் முகாம் இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும். எஞ்சிய நாட்களில் வீடு என்ன செய்யப்போகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அதற்கு விலை குறைந்த இரண்டு துணைகள் இருக்கின்றன. ஒன்று, எலீஸ் போல்டிங் 1962 இல் பெண்டில் ஹில் என்ற அமெரிக்கக் குவேக்கர் கல்வி மையத்தின் சிறுநூல் வரிசையில் எழுதிய ‘சில்ட்ரன் அண்ட் சாலிட்யூட்’. ஐந்து பிள்ளைகளை வளர்த்த சமூகவியலாளரான அவர், தான் கண்டவற்றையும் கேட்டவற்றையும் மனத்துக்குள் கோத்துக்கொள்ளப் பிள்ளைக்குத் தனிமை தேவை என்று வாதிடுகிறார். மாலை முழுவதையும் வகுப்புகளால் நிரப்பும் இன்றைய பெற்றோருக்கு அது முன்னைவிடக் கூர்மையாகக் குத்தும். மற்றொன்று, பிரிட்டன் குவேக்கர்கள் 1994 இல் ஏற்ற ‘அட்வைசஸ் அண்ட் குவரீஸ்’ என்ற அறிவுரை, வினாத் தொகுப்பு. அதன் 42 பகுதிகளில் பத்தொன்பதாவது பிள்ளைகளைப் பற்றியது. ஆழ்ந்த நம்பிக்கைகளைப் பிள்ளைகளோடு எப்படிப் பகிர்ந்துகொள்கிறீர்கள், அதே நேரத்தில் இறைவனின் ஆவி நடத்தும் வழியில் அவர்கள் வளர எப்படி விட்டுவைக்கிறீர்கள் என்று அது கேட்கிறது. இந்த ஒரு கேள்வியை வைத்து மாதம் ஒருமுறை நான்கைந்து பெற்றோர் கூடி, ஒவ்வொருவரும் ஒருமுறை மட்டும் பேச, இடையிடையே மௌனம் விட்டு, மற்றவர் பேச்சுக்குப் பதிலோ ஆலோசனையோ சொல்லாமல் கேட்கும் வழிபாட்டுப் பகிர்வு, அச்சிட்ட எந்தப் பாடத்திட்டத்துக்கும் குறைந்ததன்று. பிள்ளைகளிடம் கதை முறை கேட்கும் விடையற்ற கேள்வியை இது பெற்றோரிடம் கேட்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதே இதன் நடைமுறைத் தடை. பல குழுக்கள் இரண்டாம் மாதத்திலேயே கலைந்துபோவது இதனால்தான். கூட்டத்தின் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் கூட்டத்தார் அனைவரின் பொறுப்பு என்று அதே பத்தொன்பதாம் பகுதி சொல்கிறது. எனவே பிள்ளைகள் இல்லாதவர்களும், பேரப்பிள்ளைகள் தொலைவில் இருக்கும் மூத்தவர்களும் அந்த மணி நேரத்துக்கு முறை வைத்து வரவேண்டும். அதைக் கேட்கத் தயங்கும் பெற்றோர், அந்தப் பகுதியை அடுத்த அலுவல் கூட்டத்தில் உரக்க வாசிக்கச் சொல்லலாம்.