டிரம்மைச் சீராக்குவதா, முன் சக்கரங்களில் டிஸ்க் போடுவதா?

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வரும் கேள்வி இது.

செலவு
டிரம்: ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பட்டை), அதைத் தள்ளும் வீல் சிலிண்டர், ஹோஸ், கடைசல் கூலி. அவ்வளவுதான்.
டிஸ்க்: ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), காலிப்பர் (அதைப் பேடால் கவ்வும் பகுதி), பிராக்கெட், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரும் (பெடல் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கடத்துவது) மாறும்.

சூடு
டிரம்: நீண்ட இறக்கத்தில் விரிந்து ஷூவை விட்டு விலகும்; பெடல் தாழும்.
டிஸ்க்: காற்று நேரே படுவதால் சீக்கிரம் ஆறும்.

மிதி
டிரம்: சுழற்சியே ஷூவை இழுத்து அழுத்தும்.
டிஸ்க்: அந்த உதவி கிடையாது. சர்வோ (மிதிக்கு விசை கூட்டும் கருவி) இல்லையென்றால் காலுக்கு நல்ல வேலை.

பொருத்துவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கும் வால்வு இருக்கலாம். அதை எடுக்காமல் காலிப்பரை இணைத்தால் பேட் உரசிக்கொண்டே ஓடி ரோட்டர் கொதிக்கும். பின் டிரம் முந்திக்கொண்டு சக்கரத்தைச் சுழலாமல் பூட்டினால் அந்த லைனில் அழுத்தம் குறைக்கும் வால்வு வேண்டும். 13 அங்குல வீலுக்குள் காலிப்பர் அடங்குமா என்று காலிப்பர் அளவில் அட்டை வெட்டி முதலிலேயே பாருங்கள்.

அசல் தன்மை முக்கியம், நிதான ஓட்டம் என்றால் டிரம்; ஷூவை டிரம்மின் வளைவுக்கு அரைத்துப் பொருத்துங்கள். மலைப்பாதை, கூட்டிய இன்ஜின் சக்தி என்றால் டிஸ்க். டிரம்மில் பொறித்த அதிகபட்ச விட்டத்தைத் தாண்டிக் கடைந்திருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள்.