கடற்கரை வீட்டில் ஒரு கேமிங் கணினி: இரண்டு மாரிக்குப் பிறகு

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ரோசசர், பி650 மதர்போர்ட் (இனி போர்ட்), 32 ஜிபி டிடிஆர்5 ரேம், ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 850 வாட் பவர் சப்ளை, 2 டிபி எஸ்எஸ்டி, காற்றுக் கூலர். திரை 1440பி, 165 ஹேர்ட்ஸ். பூட்டியது 2024இல். வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலுக்கு நாலைந்து வீடு தள்ளி.

வீட்டு விவரத்தைச் சும்மா சொல்லவில்லை. எந்தச் சாமான் எதோடு பொருந்தும் என்று பார்த்துச் சொல்ல இணையத்தில் நல்ல தளங்கள் இருக்கின்றன. சொக்கட் (ப்ரோசசர் போர்ட்டில் உட்காரும் இடம்), ரேம் வகை, கார்டின் நீளம், மொத்த வாட் எல்லாவற்றையும் சரியாகவே கூட்டிக் கழித்துத் தரும். சுவரில் இருக்கும் பிளக்கையும், எர்த்தையும், யூபிஎஸ்ஸையும், கச்சான் காற்றையும் வாடைக் காற்றையும் அவை பார்ப்பதில்லை. திருகோணமலையில் விலை கூடிய கணினி ஒன்றைப் பாவிப்பவருக்குத் தொல்லை வருவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் இருந்துதான்.

ப்ரோசசரைப் பற்றிச் சுருக்கமாக. ஏஎம்5 சொக்கட்டை எடுத்ததற்கு முதல் காரணம் சூடு. 7800எக்ஸ்3டிக்கு 120 வாட் என்று எழுதியிருந்தாலும் கேம் ஓடும்போது 80 வாட்டைத் தாண்டுவது அரிது. மற்றது, சொக்கட்டின் ஆயுள். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி இதே போர்ட்டில், அதன் அடிப்படை மென்பொருளான பயோஸைப் புதுப்பித்தால் ஏறிவிடும். அந்த நேரம் இன்டெல் ஐ9 எடுக்கச் சொன்னவர்களும் உண்டு. 2024 நடுப்பகுதியில் 13ஆம், 14ஆம் தலைமுறைச் சில்லுகள் வோல்டேஜ் சிக்கலில் தடுமாறி, ஓகஸ்டில் மைக்ரோகோட் எனும் சில்லின் உள் மென்பொருளுக்குத் திருத்தம் வந்து, இன்டெல் வொரண்டியை இரண்டு வருடம் நீட்டியது நினைவிருக்கும். கொழும்பில் இருப்பவருக்கு வொரண்டி என்றால் ஒரு ஓட்டோச் செலவு. எங்களுக்கு அது 260 கிலோமீட்டர்.

ஏஎம்டி பக்கமும் முழுச் சுத்தம் இல்லை. 2023இல் சில எக்ஸ்3டி சில்லுகள் போர்ட்டோடு சேர்ந்து கருகின. அதன் பிறகுதான் சில்லின் எஸ்ஓசி பகுதிக்குப் போகும் வோல்டேஜை 1.3க்கு மேல் போகாமல் பயோஸில் கட்டினார்கள். ஆகவே பழைய இருப்பில் கிடந்த போர்ட்டை மலிவாகத் தருகிறோம் என்றால், பூட்டியவுடன் செய்யவேண்டிய முதல் வேலை பயோஸ் புதுப்பிப்பு. பின்பக்கத்தில் பயோஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்ட்டையே எடுங்கள். பென்டிரைவில் கோப்பைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால், ப்ரோசசரே இல்லாமல் புதுப்பிக்கலாம். புதிய ப்ரோசசரைப் பழைய பயோஸ் அடையாளம் காணாவிட்டால், இரவல் வாங்கிப் போட்டுப் பார்க்க இன்னொரு ஏஎம்5 சில்லை இங்கே எங்கே தேடுவது?

ரேமில் 16 ஜிபி துண்டுகள் இரண்டு, 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு), எக்ஸ்போ (அந்த வேகத்தைப் பயோஸில் போட்டுத் தரும் ஏஎம்டி அமைப்பு). நாலு துண்டு போட்டால் பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் ஏஎம்5இல் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600க்கு இறங்கிவிடும். இன்னொன்று, முதல் தடவை பவர் போட்டதும் டிடிஆர்5 ரேம் தன்னைத்தானே பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பு. உவர்மலையில் இருக்கும் தம்பி ஒருவர் இரவில் அழைத்தார்: "அண்ணா, போர்ட் செத்துட்டுது. ஃபேன் சுத்துது, திரையில ஒண்டும் இல்லை." "கை வைக்காத. போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வா" என்றேன். அவர் வருவதற்குள் பயோஸ் திரை வந்துவிட்டது. அந்த நேரத்தில் பொறுமை இழந்து பவரை நிறுத்தி நிறுத்திப் போட்டால், ஒவ்வொரு தடவையும் பழக்கம் முதலில் இருந்து தொடங்கும்.

இனி மில்லிமீட்டர் கணக்கு. என் கூலர் தேமல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்ஈ, உயரம் 155 மில்லிமீட்டர். கேஸ் 165 வரை விடும் என்றார்கள். பத்து மில்லிமீட்டர் மிச்சம், போதும்தானே? போதாமலும் போகலாம். ஒளிரும் ரேம்களில் சில 44 மில்லிமீட்டர் உயரம். கூலரின் முன் ஃபேன் அதன் மேல்தான் உட்காரும். இடம் போதாவிட்டால் ஃபேனை மேலே தள்ளி மாட்டவேண்டும். தள்ளினால் அது கூலரை விட உயர்ந்து நின்று பக்கக் கண்ணாடியில் முட்டும். ரேமை ரேம் என்றும், கூலரைக் கூலர் என்றும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பொருந்துகின்றன; மூன்றாவதாகக் கண்ணாடி வரும்போதுதான் கணக்கு உதைக்கிறது. நான் உயரம் குறைந்த, வெளிச்சம் இல்லாத ரேமை எடுத்தேன். விலையும் குறைவு.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதை. நீளத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், அகலத்தை மறந்துவிடுகிறார்கள். 4070 டிஐ சூப்பரின் 16 முள் பவர் கனெக்டர் கார்டின் பக்கவாட்டில், கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கிறது. கனெக்டரில் இருந்து 35 மில்லிமீட்டர் வரைக்கும் கேபிளை வளைக்கக் கூடாது என்பது தயாரிப்பாளர்கள் சொல்வது. கண்ணாடி அதற்குள் வந்துவிட்டால் கேபிள் கட்டாயம் மடியும். 2022 ஒக்டோபரில் 4090 கார்டுகளின் கனெக்டர் உருகிய படங்களைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு 12வி-2x6 என்ற திருத்தம் வந்தது. அதில் கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்க்கும் உணர்முள் நீளம் குறைவு, முழுதாக உள்ளே போகாவிட்டால் கார்டு சக்தியே எடுக்காது. எதுவானாலும், கேபிளைச் செருகிய பிறகு டோர்ச் அடித்துப் பாருங்கள். இடைவெளி ஒரு நகக்கண் அளவு தெரிந்தாலும் இன்னும் அழுத்தவேண்டும்.

பவர் சப்ளையில் எனக்கு ஒரு மனக்கசப்பு உண்டு. கொழும்பில் ஒரு கடையில் ஏடிஎக்ஸ் 3.0 (பவர் சப்ளைக்கான தரவிதி) ரகத்துக்குப் பணம் கட்டினேன். பார்சலில் வந்தது அதே பெயர்த் தொடரில் பழைய ரகம். 16 முள் கேபிளும் இல்லை. "ரெண்டும் 850 வாட்தானே தம்பி, என்ன வித்தியாசம்?" என்று கடைக்காரர் தொலைபேசியில் கேட்டார். வித்தியாசம் என்னவென்றால், இந்தக் கார்டுகள் 285 வாட் என்று எழுதியிருந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்துக்கு அதைவிட எவ்வளவோ கூட இழுக்கும். அந்தத் திடீர் இழுப்பைத் தாங்கவேண்டும் என்று விதித்ததே 3.0தான். மாற்றித் தந்தார்கள், போக்குவரத்துச் செலவு என் தலையில்.

மொடியுலர் கேபிளை (பவர் சப்ளையில் இருந்து கழற்றக்கூடியது) வேறு பவர் சப்ளைக்கு மாற்றிப் பாவிப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். சாமான் பக்கத்து முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். பவர் சப்ளைப் பக்கத்து முனைக்குப் பொது ஒழுங்கு எதுவும் கிடையாது, 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வரலாம். எனக்குத் தெரிந்த ஒருவரின் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இப்படித்தான் போயின, கல்யாணப் படங்களோடு.

யூபிஎஸ்ஸைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே எல்லோரும் கடைசியாக, மிஞ்சிய காசில் வாங்குவது அதைத்தான். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 650 விஏ. விஏ என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய கணக்கு; அது வேறு, வாட் வேறு. அதன் உண்மையான வாட் 360, 390 அளவில் நிற்கும். என் கணினியும் திரையும் கேம் ஓடும்போது சுவரில் இருந்து 400 முதல் 450 வாட் இழுக்கின்றன. கரண்ட் போன நொடியே அந்த யூபிஎஸ் ஒரு தடவை கத்திவிட்டுப் படுத்துவிடும். இல்லாததை விட அது மோசம், இருக்கிறது என்ற நம்பிக்கையில் நீங்கள் விளையாடிக்கொண்டிருப்பீர்கள்.

வாட் போதுமென்றாலும் அலை பொருந்தவேண்டும். மலிவான யூபிஎஸ் பட்டரியில் ஓடும்போது தருவது படிக்கட்டு வடிவ அலை. இப்போதைய பவர் சப்ளைகளில் இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற, மின்னை இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சுற்று சிலவேளை அதை ஏற்காமல் அணைந்துவிடும். சுவர் மின்சாரத்தில் இருந்து பட்டரிக்கு மாறும் நேரமும் கணக்கு. ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி 80 வீதச் சுமையில் பவர் சப்ளை 17 மில்லி செக்கன் தாக்குப்பிடிக்கவேண்டும், முழுச் சுமையில் 12தான். 850 வாட் எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்: பாதிச் சுமையில் ஓடினால் மூச்சுவிட நேரம் கிடைக்கும். நான் வாங்கியது சுவர் மின்சாரம் மாதிரிச் சீரான சைன் அலை தரும் 1500 விஏ, 900 வாட். அந்தக் காசுக்கு ஒரு படி மேலே கார்டு எடுத்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறையில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பாய்ந்து முழுநாடும் இருண்டது. அன்று ஆட்டத்தைச் சேமித்து, ஆறுதலாகக் கணினியை அணைத்துவிட்டுத்தான் எழும்பினேன். ஒரேயொரு குறை பட்டரி. ஈய அமிலப் பட்டரிக்கு 25 பாகைதான் பிடித்த சூடு; அதற்கு மேலே ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும். எங்கள் அறைச் சூட்டில் அது உப்பி, யூபிஎஸ் பெட்டியை விட்டு இழுக்கவே கஷ்டமாகிவிட்டது. மாற்றிவிட்டேன். இதை வருடச் செலவுக்குள் சேர்த்துவிடுங்கள்.

எர்த். பழைய வீடுகளில் வட்ட முள் பிளக் இருக்கும், எர்த் துளையும் இருக்கும், உள்ளே வயர் இருக்காது. வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்றுகொண்டு கேஸின் பின்பக்கத்தைத் தொட்டால் விரலில் சுரீர் என்று ஊரும். பவர் சப்ளையின் வடிகட்டியில் இருக்கும் கொள்ளளவிகள் (கப்பாசிட்டர்கள்) எர்த்துக்கு அனுப்பவேண்டிய கசிவு உங்கள் உடம்பு வழியாகப் போகிறது. பவர் சப்ளை பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் முதலில் மின்வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். நாங்கள் எர்த் கம்பி புதிதாக இறக்கி, 13 ஆம்பியர் சதுர முள் பிளக் மாற்றிய பிறகு அது நின்றுவிட்டது. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு எர்த்தும் போதாது, பிளக்கையே கழற்றவேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்த கிழமை கணினியை ஒரேயடியாகக் கழற்றி மேசைக்கு மேல் தூக்கிவைத்தோம்.

இனி உப்பு. முதல் மாரி முடிந்து கண்ணாடியைத் திறந்தபோது போர்ட், கார்டு எல்லாம் நன்றாகவே இருந்தன. கறள் பிடித்திருந்தது கேஸோடு வந்த திருகாணிகளின் தலையிலும், பின்பக்கத்து வெற்றுத் தகடுகளின் ஓரத்திலும், யூஎஸ்பி துளைகளின் உதட்டிலும். தூசி வடிகட்டியில் இருந்தது கொழும்பு வீட்டுத் தூசி மாதிரி ஊதினால் பறக்கவில்லை, விரலில் பசைபோல ஒட்டியது. கழுவிக் காயவைத்தால்தான் போகிறது. திருகாணிகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினேன். வடிகட்டி உள்ள பக்கத்தில் மூன்று ஃபேன் உள்ளே ஊதுகின்றன, ஒன்றே ஒன்று வெளியே தள்ளுகிறது. இடுக்குகள் வழியே காற்று உள்ளே வராமல் வெளியேதான் போகும். பாவிக்காத துளைகளுக்கு ரப்பர் மூடி, கொள்ளை மலிவு. வாடை அடிக்கும் மாதங்களில் கணினியை நாட்கணக்கில் நிறுத்திவைப்பதில்லை. ஓடுகிற இயந்திரம் சூடாக இருப்பதால் ஈரம் தங்காது. இரண்டாம் மாரிக்குப் பிறகு புதுக் கறள் இல்லை.

கறள் வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைக்கவேண்டாம். வொரண்டிக் கடதாசியைத் திருப்பிப் படியுங்கள்: எரிந்த தடம், உடைவு, மின்னல், கறள் இருந்தால் வொரண்டி இல்லை என்று பெரும்பாலும் அச்சடித்திருக்கும். சில கடைகளுக்கு ஒரு வருடம் என்றால் 350 நாள்.

சூட்டுக்குச் செய்தது குறைவு. கச்சான் அடிக்கும் மத்தியானத்தில் அறை 34 பாகை, ப்ரோசசர் 80ஐத் தொடும். அதன் எல்லை 89. கார்டின் சக்தியை 80 வீதத்துக்குக் கட்டிவைத்தேன், ஆட்டத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை, ஃபேன் சத்தம் பாதி. கணினி இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அறைக்குள்தான் சூடாக வருகிறது. 400 வாட் என்றால் மணிக்கு 1,365 பிடியூ (ஏசியின் திறனைச் சொல்லும் சூட்டு அளவு). 9,000 பிடியூ ஏசி போடுபவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கொண்டுவருவது பற்றியும் கேட்கிறார்கள். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பூட்டி முடித்து, கார்டோடு பஸ்ஸில் ஏற்றாதீர்கள். ஹபரணை தாண்டி வருவதற்குள் அந்தப் பாரம் ஸ்லொட்டை ஆட்டிவிடும். நான் சாமான்களைத் தனித்தனிப் பெட்டியாக இரவு ரயிலில் கொண்டுவந்தேன். கண்ணாடிப் பக்கம் உள்ள கேஸ் மட்டும் கையிலேயே.

இப்போது பூட்டப் போகிறவர்களுக்கு நிலைமை வேறு. 2025 கடைசியில் இருந்து ரேம் விலை கண்மண் தெரியாமல் ஏறிவிட்டது, ஏஐ நிறுவனங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. ரேம், எஸ்எஸ்டி விலையை முதலில் கேட்டுவிட்டு மிச்சக் காசுக்குக் கார்டைத் தெரிவு செய்யுங்கள். அப்படியே வாங்கும் அன்று பில்லைப் படம் பிடித்து வையுங்கள். அந்தச் சூட்டு அச்சுத் தாள் எங்கள் வெயிலில் ஒரு வருடத்தில் வெள்ளையாகிவிடுகிறது. என் எஸ்எஸ்டி பழுதானபோது வோட்ஸ்அப்பில் இருந்த படத்தைக் காட்டித்தான் புதிது வாங்கினேன்.