96-ஆ, மெய்யழகனா?

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டுமே பிரேம்குமார் இயக்கியவை, இசை கோவிந்த் வசந்தா. தஞ்சாவூரை விட்டுப் போனவர்கள், ஓர் இரவு முழுக்கப் பேச்சு என்று அடித்தளமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

2018-இல் வந்த 96-இல் பேச்சைவிடத் தயக்கம்தான் அதிகம். பள்ளிக் காதலி ஜானு பாடுவாளா என்று ராம் ஏங்கிக்கொண்டே இருப்பான். கடைசியில் கரண்ட் போன இருட்டில் அவள் 'யமுனை ஆற்றிலே' பாட, விளக்கைத் தேடி அவன் பதறி ஓடுவான். ஜானு (த்ரிஷா) குரலெடுக்கும் அந்த இடத்தில் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

மெய்யழகனில் (2024) சொந்தக்காரராக வரும் கார்த்தி மூச்சுவிடாமல் பேசுகிறார். அரவிந்த் சாமிக்கோ எதிரில் இருப்பவரின் பெயரே நினைவில்லை, கேட்கவும் கூச்சம். தான் விட்டுப்போன பழைய சைக்கிள் கார்த்தியின் குடும்பத்துக்கு என்னவாக இருந்தது என்று தெரியவரும்போது அவர் முகத்தைப் பாருங்கள். வசனமே வேண்டாம். நீளம் என்ற புகார் எழுந்து, வெளியான பிறகு சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். எனக்கு அந்த நீளம் உறுத்தவில்லை.

பாட்டுக்கு 96. ஆனால் மறுபடி பார்க்க ஒன்றுதான் என்றால் மெய்யழகன்தான். காதல் படங்கள் நமக்கு நிறைய உண்டு. சொந்தக்காரர் பாசத்தை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன படம் அபூர்வம்.