மூக்குக் குச்சியா, கண் குச்சியா?

2020இல் சேலத்தில் ஒரு கொரோனா பரிசோதனை முகாமில் என் மூக்கில் குச்சி நுழைந்ததும் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. 'இந்தக் கண்ணீரையே சோதித்துத் தொலைக்கக் கூடாதா?' என்று அன்று நொந்துகொண்டேன். கேள்வி அத்தனை அசட்டுத்தனமானது அல்ல. கண்ணீர், இமையின் உள்மூலையில் இருக்கும் நுண்துளை வழியாக மூக்குக்குள்தான் வடிகிறது. அழும்போது மூக்கைச் சிந்துவது அதனால்தான்.

ஆனால் கொரோனாவில் மூக்கே வென்றது. சிங்கப்பூரில் 17 நோயாளிகளிடம் எடுத்த 64 கண்ணீர் மாதிரிகளில் ஒன்றில்கூட வைரஸ் சிக்கவில்லை. சீனாவில் 30 பேரைச் சோதித்ததில், கண் சிவந்திருந்த ஒரே ஒருவரிடம் மட்டும் கிடைத்தது. கண்ணில் ஒரு நேரத்தில் தங்கும் நீரே ஏறக்குறைய 7 மைக்ரோலிட்டர்தான். சொட்டு மருந்தின் ஒரு சொட்டைவிட மிகக் குறைவு. அதிலும் லைசோசைம், லாக்டோஃபெரின் என்று கிருமிகளை எதிர்க்கும் புரதக் காவலர்கள் வேறு.

கண்ணில் மாதிரி எடுக்க இரண்டு வழிகள். ஷிர்மர் தாள் என்பது 5 மி.மீ. அகலமும் 35 மி.மீ. நீளமும் உள்ள வடிதாள் துண்டு. நுனியை மடித்துக் கீழிமையில் கொக்கிபோல் மாட்டி ஐந்து நிமிடம் காத்திருந்தால் ஈரம் மெல்ல இறங்கும். கண் வறட்சியை அளக்கப் பிறந்த தாள் இது. நீரை உறிஞ்சும், அவ்வளவுதான். இன்னொரு வழி குச்சி. கீழிமையை இழுத்து உட்புறத்தை அதால் துடைத்தால் செல்களும் ஒட்டிக்கொண்டு வரும். வைரஸ் பெருகுவது செல்லுக்குள் என்பதால் என் ஓட்டு குச்சிக்கே. கண் உறுத்தும், ஆனால் சில நொடிகளில் முடிந்துவிடும்.

மெட்ராஸ் ஐக்குக் காரணமான அடினோ வைரஸுக்குக் கண்தான் சரியான இடம். ஆனால் மருத்துவர்கள் பெரும்பாலும் பார்த்தே சொல்லிவிடுவதால் குச்சிக்கு அங்கே வேலை குறைவு.

பறவைக் காய்ச்சலில்தான் கணக்கு தலைகீழாகிறது. 2003இல் நெதர்லாந்தின் கோழிப்பண்ணைகளில் எச்7என்7 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் பரவியபோது தொற்று உறுதியான 89 பேரில் 78 பேருக்குக் கண் அழற்சி மட்டுமே. 2024 மே மாதம் அமெரிக்காவின் மிஷிகனில் எச்5என்1 என்ற இன்னொரு பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றிய பால்பண்ணைத் தொழிலாளியின் மூக்கு மாதிரி 'இல்லை' என்றது. கண் மாதிரி 'உண்டு' என்றது. பறவை வைரஸ்கள் பற்றிக்கொள்ள விரும்பும் வகை ஏற்பிகள் (செல்லின் மேல் வைரஸ் ஒட்டும் இடங்கள்) நம் கண்ணின் வெண்படலத்தில் உண்டு. மனித மூக்கிலும் தொண்டையிலும் மிகுந்திருப்பது வேறு வகை.

இது நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. ராசிபுரத்தைத் தாண்டினால் கோழிப்பண்ணைகள். ஏற்காடு போய்ச் சளியோடு திரும்பியவருக்கு மூக்குக் குச்சி போதும். பண்ணையில் கோழிகள் கொத்தாகச் செத்த வாரத்தில், அங்கே வேலை செய்பவர் சிவந்த கண்ணோடு வந்தால் மூக்கில் மட்டும் எடுத்து அனுப்பிவிடக் கூடாது. கண்ணுக்கு ஒரு குச்சி, மூக்குக்கு ஒரு குச்சி, தனித்தனிக் குப்பிகள்.